பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கால் கேட்குமா?

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்கலாம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிக்கோபார் தீவுகளின் நடுப்பகுதியில், கமோர்ட்டாவுக்கும் நன்கவுரிக்கும் மேற்கே கட்சால் என்றொரு தீவு இருக்கிறது. நிக்கோபார் மக்களின் ஊர். இலங்கையிலிருந்து திரும்பிவந்து ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் அங்கே உண்டு. அதனால் கட்சால் கடற்கரையில் தமிழில் கூவி விளையாடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். 2004 சுனாமிக்கு முந்தைய கணக்குப்படி அதன் பரப்பு சுமார் 174 சதுர கிலோமீட்டர். தீவு ஒரு தோசைபோல முழு வட்டமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். 174ஐ 3.14ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஆரம் கிடைக்கும். கிட்டத்தட்ட 7.4 கிலோமீட்டர். அதிலிருந்து சுற்றளவு? ஏறத்தாழ 47 கிலோமீட்டர்.

உண்மையான கட்சால் வட்டமில்லை. கரை வளைந்து நெளிந்து போகும். 2004 டிசம்பர் 26 அன்று வந்த பெரும் நிலநடுக்கத்தில் நிக்கோபார் நிலமே கீழே இறங்கி, கடல் உள்ளே வந்தது. அன்று கட்சால் இழந்த மனிதர்கள் ஏராளம். இருந்தாலும் இந்தத் தோசைக் கணக்கு நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். அதாவது, ஒரு தீவைக் கிட்டத்தட்ட முழுதாகச் சுற்றிவருகிற தூரத்தை ஒரு மனிதர் நிற்காமல் ஓடுகிறார்!

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரிக் காலையில் நானும் சென்னையில் அந்தத் தூரத்தை ஓடினேன். 30 கிலோமீட்டர் வரை சுகமாகப் போயிற்று. அதன்பின் தொடை இரண்டும் ஈரச் சாக்குமூட்டைபோல ஆகிவிட்டன. 33வது கிலோமீட்டரில் ஓட்டத்தை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். அப்போது ஒரு டீக்கடை ஓரத்திலிருந்து என் பெயர் கேட்டது. நண்பர்கள் மூன்று பேர். ஒருவன் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். இன்னொருவன் பிடித்திருந்த சார்ட் பேப்பரில் என் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தான். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தது. மூன்றாமவன் வெறுமனே கத்தினான். கொஞ்ச தூரம் போனபிறகுதான் கவனித்தேன், நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஓடலாம் என்று முடிவெடுத்ததாக நினைவே இல்லை.

அவர்கள் எனக்கு வாழைப்பழம் தரவில்லை, தண்ணீர் தரவில்லை. என் உடம்புக்குள் ஒரு கலோரிகூடப் புதிதாகப் போகவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது அந்த ஓட்டம்?

முதலில் எரிபொருளைப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் ஓட, நம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோமீட்டருக்கு 60. முழு மாரத்தானுக்கு ஏறத்தாழ 2,500. தசையிலும் கல்லீரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்துக்குக் கிளைகோஜன் என்று பெயர். அது சுமார் 2,000 கிலோகலோரிக்குத்தான் வரும். 2,000ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள். 33! நான் சரியாக அந்த இடத்தில் துவண்டதில் ஆச்சரியமில்லை. கிளைகோஜன் குறையக் குறைய உடம்பு கொழுப்பை அதிகமாக எரிக்கும். ஆனால் கொழுப்பு ஈர விறகுபோல, மெதுவாகத்தான் எரியும்.

அப்படியானால் டாங்கி காலி, வண்டி நின்றுவிட்டது என்று சொல்லிவிடலாமா? முடியாது. மாரத்தான் முடிகிற இடத்தில் ஒருநாள் போய் நின்று பாருங்கள். நொண்டி நொண்டி வருபவர்கள்கூட கடைசி 200 மீட்டரில் பாய்ந்து ஓடுவார்கள். டாங்கி உண்மையிலேயே வறண்டிருந்தால் அந்தப் பாய்ச்சல் எப்படி வரும்? கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. யாரோ அதைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

அந்த யாரோ நம் மூளைதான் என்கிறார் தென்னாப்பிரிக்க விஞ்ஞானி டிம் நோக்ஸ். உடம்பு சூடாகிறது, சர்க்கரை குறைகிறது, தசை வலிக்கிறது என்ற செய்திகளையெல்லாம் மூளை கேட்டு, உயிருக்கு ஆபத்து வரும் முன்பே காலின் வேகத்தைக் குறைத்துவிடும் என்பது அவர் கருத்து. வீட்டில் அம்மா அரிசிப் பானையில் கடைசிப் படி அரிசியை எடுக்காமல் வைத்திருப்பதுபோல. இதை எல்லா விஞ்ஞானிகளும் அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. விவாதம் இன்னும் நடக்கிறது. இத்தாலியரான சாமுவேலே மார்கோரா வேறு விதமாகச் சொல்கிறார்: நாம் ஓட்டத்தை நிறுத்துவது ‘இது ரொம்பக் கஷ்டம்’ என்று தோன்றும்போதுதான். அந்தத் தோற்றத்தை மாற்றினால் ஓட்டம் நீளும். அவரும் கூட்டாளிகளும் 2014ல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிள் மிதிப்பவர்களுக்குத் திரையில் முகங்களைக் காட்டினார்கள். கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக மின்னி மறையும் படங்கள். பார்த்தோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. சிரித்த முகங்கள் மின்னியபோது, சோக முகங்கள் மின்னியபோது இருந்ததைவிட நீண்ட நேரம் மிதித்தார்கள்.

முன்பின் தெரியாத ஒரு சிரிப்புக்கே இவ்வளவு என்றால், டீக்கடை ஓரத்தில் நிற்கும் உங்கள் நண்பனின் முகத்துக்கு?

பெயருக்கும் ஒரு தனி வழி இருக்கிறது. 1959ல் நெவில் மோரே என்பவர் ஒரு சோதனை செய்தார். ஒரு காதில் வரும் பேச்சை மட்டும் கவனிக்கச் சொல்லிவிட்டு, மறு காதில் வேறு பேச்சை ஒலிக்கவிட்டார். மறு காதில் வந்த எதுவும் பெரும்பாலும் மனதில் ஏறவில்லை. ஆனால் சொந்தப் பெயர் வந்தபோது மட்டும் சுமார் மூன்றில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார்! திருவிழா இரைச்சலில் அப்பா கூப்பிடுவது உங்களுக்கு எப்படிக் கேட்கிறதோ, அப்படி. ஓட்டக்காரர்கள் சிலர் மார்பில் குத்தும் எண் அட்டையில் பெயரையும் பெரிதாக எழுதிக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

இப்போது மறுபடி நிக்கோபாருக்கு வாருங்கள். அங்கே ஹோடி என்ற படகு உண்டு. மரத்தைக் குடைந்து செய்தது. கவிழாமல் இருக்க ஒரு பக்கம் மிதவைக் கட்டை பிணைத்திருப்பார்கள். ஹோடிப் பந்தயத்தில் வரிசையாக உட்கார்ந்தவர்களின் துடுப்புகள் ஒரே நேரத்தில் நீரில் இறங்கி, ஒரே நேரத்தில் ஏறும். கரையில் ஊர் நின்று கூவும். இதற்குள்ளும் அறிவியல் இருக்கிறது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் படகுக் குழுவினர் 12 பேரை ராபின் டன்பரும் மற்ற ஆய்வாளர்களும் துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் ஒருநாள் தனியாகவும், இன்னொரு நாள் சேர்ந்து ஒரே தாளத்திலும் வலிக்கச் சொன்னார்கள். உழைப்பு இரண்டு நாளும் ஒன்றுதான். முடிந்ததும், டாக்டர் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இறுக்கி, எப்போது வலிக்கிறது என்று கேட்டார்கள். சேர்ந்து துடுப்பு வலித்த நாளில் வலியைத் தாங்கும் அளவு கூடியிருந்தது. மூளை சுரக்கும் எண்டார்ஃபின் என்ற பொருள் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். வலியைத் தணிக்க உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும் மருந்து அது.

ஆனால் உற்சாகம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. இதை 1898லேயே அமெரிக்கரான நார்மன் டிரிப்லெட் கண்டுபிடித்துவிட்டார். அவர் பயன்படுத்திய கருவியைக் கேட்டால் கட்சால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மீன்பிடிக்கும் தூண்டில் கயிற்றைச் சுற்றும் உருளை! 40 பிள்ளைகளைத் தனியாகவும், இன்னொருவரோடு போட்டியாகவும் சுற்றவிட்டார். 20 பேர் போட்டியில் வேகமானார்கள். 10 பேருக்குப் பெரிய வித்தியாசமில்லை. மீதி 10 பேர் பதற்றத்தில் தடுமாறி மெதுவானார்கள். உங்கள் வகுப்பில் யாராவது மேடையில் கைதட்டல் கேட்டதும் வாயடைத்துப்போனால் கேலி செய்யாதீர்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருக்கலாம்.

இன்னொன்றையும் நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். நம் உடம்பு வியர்வையால் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஆனால் கட்சால்போலக் கடல் ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுகிற வியர்வை குளிர்விக்காது. உடம்பு கொதிக்கத் தொடங்கும்போது மூளை காலைப் பிடித்து நிறுத்துவது நம்மைக் காப்பாற்றத்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் இத்தாலியரான டொராண்டோ பியெத்ரி முதல் ஆளாக அரங்குக்குள் வந்தார். திசை தெரியாமல் திரும்பினார், பலமுறை விழுந்தார். அதிகாரிகள் தூக்கி நிறுத்தி எல்லைக்கோட்டைத் தாண்டவைத்தார்கள். பிறர் தொட்டு உதவியதால் அவர் வெற்றி செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அவர் நிலையைப் பார்த்து மனம் இளகிய அரசி அலெக்சாண்ட்ரா மறுநாள் தனியாக ஒரு கோப்பை கொடுத்தார். ஆகவே, உங்கள் நண்பர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, கத்துவதை அந்த நொடியே நிறுத்திவிட்டு நிழலுக்கு அழைத்துப் போங்கள், பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

மாரத்தான் பெரியவர்களுக்கானது. நீங்கள் வகுப்பறையிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் இருப்பதுபோல உட்காருங்கள். தொடை நடுங்கத் தொடங்கும். எத்தனை நொடி தாங்குகிறீர்கள் என்று ஒருவர் கடிகாரம் பார்க்கட்டும். ஒருமுறை அறையே அமைதியாக இருக்கவேண்டும். இன்னொருமுறை நண்பர்கள் பெயர் சொல்லிக் கூவவேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒருநாள் இடைவெளி விடுங்கள். பாதிப் பேர் அமைதியை முதலில் செய்யட்டும், பாதிப் பேர் கூவலை முதலில் செய்யட்டும். இல்லாவிட்டால் கூடியது கூவலாலா, பழக்கத்தாலா என்று சொல்ல முடியாது. நொடிகளை நோட்டில் எழுதுங்கள். கூவியபோது யாருக்காவது நேரம் குறைந்திருந்தால் அதை அழித்துவிடாதீர்கள், டிரிப்லெட் அழிக்கவில்லை.