ஓன் போர்டு வேனும் வாடகைப் பயணமும்

வேன் ஓட்ட என்ன லைசென்ஸ் வேண்டும் என்ற கேள்விக்கு 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தெளிவான பதில் தந்துவிட்டது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத வண்டி வாடகைக்கு ஓடுவதாக இருந்தாலும், கார் ஓட்ட வாங்கிய எல்.எம்.வி. லைசென்ஸே போதும், ‘டிரான்ஸ்போர்ட்’ என்று தனியாகப் பதிந்து வாங்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம் கிளப்பிய குழப்பம் இது. விபத்து நடந்ததும், டிரைவரிடம் அந்தப் பதிவு இல்லை என்று காட்டி இன்சூரன்ஸ் கம்பெனிகள் இழப்பீட்டை மறுத்து வந்தன. இப்படிப்பட்ட டிரைவர்களால்தான் விபத்துகள் கூடுகின்றன என்பதற்குப் புள்ளிவிவர ஆதாரம் எதுவும் தன் முன் வைக்கப்படவில்லை என்றும் நீதிமன்றம் குறிப்பிட்டது. வண்டி ஓட்டியே குடும்பம் நடத்துகிற லட்சக்கணக்கானவர்களுக்கு நியாயம் செய்த தீர்ப்பு. ஆனால், “லைசென்ஸ் இருந்தால் எந்த வேனையும் எதற்கும் ஓட்டலாம்” என்று பலர் இதை எடுத்துக்கொள்கிறார்கள். தீர்ப்பு பேசியது டிரைவரைப் பற்றி. வண்டியின் பெர்மிட், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் மூன்றும் அப்படியே இருக்கின்றன. வேனில் ஏறுகிறவரின் நலன் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

டிரைவரைச் சேர்க்காமல் ஆறு பேருக்கு மேல் பன்னிரண்டு பேர் வரை ஏற்றி வாடகைக்கு ஓடும் வண்டியைச் சட்டம் ‘மேக்சி கேப்’ என்கிறது. அதற்கு மஞ்சள் நம்பர் பிளேட், பெர்மிட், எஃப்.சி. மூன்றும் கட்டாயம். புது வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும், பிரேக், ஸ்டியரிங், விளக்கு எல்லாம் சோதித்து எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும். ‘ஓன் போர்டு’ என்கிற, வெள்ளை பிளேட் போட்ட சொந்த உபயோக வண்டிக்கோ பதிவு 15 ஆண்டு செல்லும். அதுவரை அரசு தரப்பில் யாரும் அதைச் சோதிப்பதில்லை. வீட்டு உபயோகத்துக்கு எப்போதாவது எடுக்கும் வண்டிக்கு இது சரி. அதே வண்டி முகூர்த்த நாளெல்லாம் கல்யாணத்துக்கும், விடுமுறை நாளெல்லாம் பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் ஓடினால், வாடகை வண்டியின் தேய்மானம் அத்தனையும் அதற்கு உண்டு, சோதனை மட்டும் கிடையாது. பெர்மிட் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 192-ஏ பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடம் இருக்கிறது. என் கவலை அந்த அபராதத்தைப் பற்றியது அல்ல.

சொந்த உபயோக வண்டியின் பாலிசியைப் பிரித்துப் பார்த்தால், ‘எந்த உபயோகத்துக்கு’ என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் பாலிசி பொருந்தாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கும். பெரும்பாலும் யாரும் படிக்காத பத்தி அது. விபத்துக்குப் பிறகு கம்பெனியின் வழக்கறிஞர் முதலில் புரட்டுவதும் அதையே. வாடகைக்கு அனுமதி இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டியது, கம்பெனி தன் பொறுப்பை மறுப்பதற்கான காரணங்களில் ஒன்று என்று சட்டத்தின் 150-வது பிரிவே பட்டியலிடுகிறது. அதாவது, பிரீமியம் தவறாமல் கட்டியிருந்தும், வண்டி பளபளவென்று இருந்தும், உள்ளே இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் பாதுகாப்பு கேள்விக்குறிதான்.

ஊர்ப்புறத்தில் இதைவிட மோசமானது லோடு வண்டிப் பயணம். காதுகுத்துக்கும் துக்க வீட்டுக்கும் குட்டியானையின் பின்பக்கம் தார்ப்பாய் விரித்து, குழந்தைகளை நடுவில் உட்காரவைத்து, பெரியவர்கள் பக்கத் தகட்டைப் பிடித்துக்கொண்டு போவதைத் தமிழ்நாட்டில் எந்தச் சாலையிலும் பார்க்கலாம். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டே தேவையில்லை. “பெர்மிட் வேண்டாத வண்டிதானே, ஆளை ஏற்றினால் என்ன?” என்ற எண்ணம் இதிலிருந்து வருகிறது. அந்த விலக்கு சரக்குக்கு மட்டும். சரக்கு வண்டியில் கம்பெனியின் கட்டாயப் பொறுப்புக்குள் 1994 திருத்தம் கொண்டுவந்தது சரக்கின் உரிமையாளரையும் அவருடைய பிரதிநிதியையும்தான். சும்மா ஏறிப்போகிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. உறவுக்காரர் வண்டி, டீசலுக்கு மட்டும்தான் பணம் கொடுத்தோம் என்பதெல்லாம் இந்த நிலையை மாற்றாது.

“நீதிமன்றம் கைவிடாது, கம்பெனியை முதலில் கொடுக்கச் சொல்லும்” என்று ஒரு பதில் உண்டு. பாதி உண்மை. பெர்மிட் இல்லாமல் ஓடுவது அடிப்படையான விதிமீறல் என்று 2018-இல் அம்ரித் பால் சிங் வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றம், கம்பெனி முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற உத்தரவை உறுதி செய்தது. அந்த வழக்கில் இறந்தவர் லாரியில் பயணம் செய்தவர் அல்ல, சாலையில் போனவர். உள்ளே உட்கார்ந்திருந்தவருக்கு அதே தயவு கிடைக்கும் என்று நிச்சயமில்லை. அதற்கே ஆண்டுக்கணக்கில் கோர்ட் படி ஏற வேண்டும். கிடைத்தாலும், கொடுத்த பணத்தைக் கம்பெனி ஒரே ஒரு வேனை நம்பிப் பிழைக்கும் உரிமையாளரிடம் வசூலிக்க வரும். வண்டியை விற்றாலும் அந்தக் கடன் தீராது. கம்பெனி விடுவிக்கப்பட்டால் முழுத்தொகையையும் அவரே கட்ட வேண்டும். அவரால் முடியாவிட்டால் தீர்ப்பு நகல் மட்டும்தான் மிஞ்சும்.

மஞ்சள் போர்டுக்கு மாறச் செலவு அதிகம் என்று வேன்காரர்கள் சொல்வதில் பொய்யில்லை. வரி, பெர்மிட் கட்டணம், எஃப்.சி. நாளில் ஓடாமல் போகும் வாடகை, கூடுதல் பிரீமியம் எல்லாம் சேர்ந்து, மாதம் நாலைந்து சவாரி மட்டுமே கிடைக்கிற ஒரு வண்டிக்காரருக்குப் பெரிய சுமை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பஸ் இல்லாத கிராமத்தில் லோடு வண்டியை விட்டால் வேறு வழியில்லை என்பதும் நிஜம். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியது அரசு: குறைவாக ஓடும் சிறு வேன்களுக்குக் குறைந்த வரியில் வாடகைப் பதிவு, கிராமத்துக்குக் கடைசி பஸ். அபராதத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், பிடிபடும் நாளில் கைமாறும் பணம்தான் கூடும். அந்தச் சீர்திருத்தம் வரும்வரை வாடகை பேசுகிறவர் கையிலும் ஒரு வழி இருக்கிறது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஆர்.சி.யையும் இன்சூரன்ஸையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். ஆர்.சி.யில் வண்டியின் வகை ‘மேக்சி கேப்’ என்று இருக்கிறதா, எத்தனை சீட் என்று போட்டிருக்கிறது, எஃப்.சி.யும் பாலிசியும் பயண நாளைத் தாண்டிச் செல்லுமா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். எம்பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இவற்றில் பெரும்பாலானவற்றை நாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.