ஆக்டோபஸ் வளர்க்க ஆசையா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க

கண்ணாடித் தொட்டிக்குள்ள இருந்து கையை நீட்டி, வளர்க்கிறவரோட விரலைப் பிடிக்கிற ஆக்டோபஸ் ரீல்ஸ் உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். "நாமும் ஒண்ணு வாங்கினா என்ன?"ன்னு தோணியிருக்கும். வீடியோவுல இதை ரெண்டு நிமிஷத்துல தாண்டிட்டோம். இங்க கொஞ்சம் பொறுமையா கணக்குப் போடுவோம்.

2024-ல செய்திகள்ல வந்த ஓக்லஹோமா குடும்பம் ஞாபகம் இருக்கா? பையனோட ஆசைக்காக ஒரே ஒரு ஆக்டோபஸ் வாங்கினாங்க. ஆண்னு நினைச்சு அதுக்கேத்த பேரும் வெச்சாங்க. அது முட்டை போட்டு சுமார் 50 குட்டி வந்துடுச்சு! குட்டிங்க ஒண்ணையொண்ணு தின்னுடும், அதனால தனித்தனியா வெச்சு வளர்க்கணும். பட்ஜெட் என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அவங்க வாங்கினது கலிபோர்னியா டூ-ஸ்பாட் வகை. வீட்டுல வளர்க்க ஏத்ததுன்னு சொல்ற வகையே அதுதான். ஆனா அதோட மொத்த ஆயுளே ஒண்ணு, ஒன்றரை வருஷம், மிஞ்சினா ரெண்டு. உங்க கைக்கு வரும்போதே சில மாசம் கழிஞ்சிருக்கும். தொட்டி, சில்லர் எல்லாத்தையும் 24 மாச இ.எம்.ஐ.ல எடுத்தீங்கன்னா, கடன் முடியறதுக்கு முன்னாடி ஆக்டோபஸ் முடிஞ்சிடும்.

இதை நான் கிண்டலுக்குச் சொல்லல. சில வருஷம் முன்னாடி சாதாரண கடல் மீன் தொட்டி ஒண்ணு 18 மாச தவணையில வாங்கினேன். ஒரு மே மாசம், ஊர்ல கல்யாணத்துல இருந்தப்போ வீட்டுல ராத்திரி முழுக்க கரண்ட் இல்ல. திரும்பி வந்தா ஒரு மீன்கூட உயிரோட இல்ல. மீதி 7 தவணையை காலித் தொட்டிக்குக் கட்டினேன். பணம் போனதைவிட, வாங்கிட்டு வந்து சாகவிட்டோமேங்கிறதுதான் ரொம்ப நாள் உறுத்துச்சு.

இப்போ மாசச் செலவு. அந்த வகைக்கு சுமார் 20 டிகிரி குளிர்ச்சியான தண்ணி வேணும். சென்னை வெயில்ல சில்லர் இல்லாம நடக்காது. சில்லர், பம்ப், ஸ்கிம்மர், லைட் எல்லாம் சேர்த்து சராசரி 250 வாட்னு வெச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 6 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 360. ஏற்கெனவே 300 யூனிட் ஓடுற வீடுன்னா 660 ஆயிடும். 500-ஐத் தாண்டினா கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் இல்ல, 500-க்குள்ள இருந்தப்போ கிடைச்ச சலுகையும் போயிடும். (வாடகை வீட்டுல ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு தனியா வாங்கினா கதை இன்னும் மோசம்.) இதோட, கரண்ட் போனா தாங்குற இன்வெர்ட்டர்.

200 லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 35 கிராம் கணக்குல, ஆரம்பத்துக்கே 7 கிலோ கடல் உப்பு. வாராவாரம் 20 லிட்டர் தண்ணி மாத்தினா, மாசம் சுமார் 3 கிலோ. ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்தணும். அதோட ரத்தத்துலயே செம்பு இருந்தாலும், தண்ணியில கலந்த செம்பு அதுக்கு விஷம். சாப்பாட்டுக்கு நண்டு, இறால். மூடிக்கும் பூட்டு வேணும். நியூசிலாந்து நேப்பியர் மீன் காட்சியகத்துல இருந்த இங்கி, 2016-ல மூடி லேசா திறந்திருந்த இடைவெளியில வெளிய வந்து, தரையில ஊர்ந்து, வடிகால் குழாய் வழியா கடலுக்கே போயிடுச்சு.

பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போனா யார் பார்த்துப்பாங்க? இதுக்கு பதில் இல்லன்னா இங்கேயே நிறுத்திடுங்க.

இருந்தும் வேணும்னா, இப்படிச் செய்யுங்க. எப்படியும் ஆக்டோபஸை விடுறதுக்கு முன்னாடி தொட்டி சில மாசம் ஓடி, தண்ணி பக்குவமாகணும். தொட்டி வாங்குறதுக்கே முன்னாடி, மேல சொன்ன மாசச் செலவுக்கு ஒரு ஆர்.டி. போடுங்க. ஆறு மாசம் ஒரு தவணைகூடத் தவறாம, கிரெடிட் கார்டைத் தொடாம கட்ட முடிஞ்சா, அப்புறம் கடைக்குப் போங்க. தொட்டியையும் அந்த ஆர்.டி. பணத்துலயே வாங்குங்க.