நான்கு மணிக்கொரு முறை

முதுகெலும்பின் உட்குழலில், சுண்டுவிரல் பருமனில், ஏறத்தாழ 45 செ.மீ. நீளத்துக்கு இறங்கும் நரம்புக் கற்றையே தண்டுவடம். மூளையின் ஆணை கைகால்களுக்குச் செல்வதும், அவற்றின் உணர்வு மூளைக்கு மீள்வதும் இதன் வழியேதான். முறிந்த எலும்பு கூடும். கிழிந்த தோல் மூடும். நசுங்கிய தண்டுவடத்தின் நீளிழைகளோ மீண்டும் வளர்ந்து பழைய இடத்தைத் தொடுவதில்லை. காயத்தில் உருவாகும் தழும்பும், நரம்புறையில் உள்ள வளர்ச்சித்தடைப் புரதங்களும் அவற்றை வழியிலேயே நிறுத்திவிடுகின்றன.

1975ஆம் ஆண்டு, பெங்களூரில் நடந்த கடற்படை அதிகாரித் தேர்வில், பொறியியல் மாணவர் எஸ். இராமகிருஷ்ணன் உயரத்திலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டார். கைகள், கால்கள் நான்கும் செயலிழந்தன. 1981இல் தம் ஊரான ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் பார்த்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்குச் சூட்டினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, காயம்பட்டு 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய தொண்டு போற்றத்தக்கது. ஆயினும் அறிவியல் நோக்கில் என்னை வியக்க வைப்பது அந்த 45 என்னும் எண்.

ஏனெனில் முதல் உலகப் போரில் இத்தகைய காயம் பட்ட வீரருள் பெரும்பாலோர் சில மாதங்களுக்குள் மாண்டனர். அவர்களைக் கொன்றவை தண்டுவடத்தில் இல்லை. சிறுநீர்த் தொற்றும் படுக்கைப்புண்ணுமே கொன்றன. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், நோயாளியை இரண்டு மணிக்கொரு முறை இரவும் பகலும் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே சிக்கிய தசையில் நுண்குழாய்கள் நசுங்கிக் குருதி நின்றுபோகும். நமக்கு வலிக்கும், நாம் அறியாமலே நகர்ந்துகொள்வோம். வலியே எட்டாத உடலுக்கு அந்த நகர்வை ஒரு கடிகாரமும் இன்னொருவர் கையும்தான் தரவேண்டும்.

சிறுநீர்ப்பையின் கதை இதனினும் நுட்பமானது. நலமான உடலில் பை சுருங்கும்போது வாயில் தளரும். தண்டுவடக் காயத்துக்குப் பின் அந்த இசைவு குலைகிறது. பை சுருங்கும் அதே நொடியில் வாயிலும் இறுகும். வெளியேற வழியற்ற நீர் அழுத்தமாகி மேலேறிச் சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அழிக்கும். நிலையாகக் குழாய் பொருத்தினால் தொற்று தொடரும். அமெரிக்க மருத்துவர் ஜாக் லேப்பிடிஸ் 1972இல் வெளியிட்ட வழி எளியது: கையை நன்கு கழுவிவிட்டு, நான்கு முதல் ஆறு மணிக்கொரு முறை குழாயைச் செலுத்தி, நீரை வடித்து, உடனே எடுத்துவிடுவது. அறுவை அரங்கின் கிருமியற்ற தூய்மை தேவையில்லை; வீட்டுக் குளியலறையின் தூய்மை போதும். மருத்துவமனை வாசலில் முடிந்துபோன பல வாழ்வுகளை வீடு வரை நீட்டியது இம்முறையே.

மார்பின் ஆறாம் நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்க்கு இன்னோர் இடர் உண்டு. பை நிரம்பி வழி அடைத்துக்கொண்டால், குருதியழுத்தம் திடீரெனப் பாயும். தலை இடிக்கும், நெற்றி வியர்க்கும். அப்போது அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முதலில் குழாயைத்தான் பார்க்க வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். கத்திரி வெயிலும் அப்படியே. காயத்துக்குக் கீழே வியர்வை சுரக்காததால், நாம் புழுக்கம் என்று கடந்துவிடும் நண்பகலில் அவர்களுடைய உடல்வெப்பம் காய்ச்சல் போல ஏறும்.

இத்தகைய காயத்தோடு நெடுநாள் வாழ்ந்தவர் இன்னொருவரும் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளில் அறுவை செய்தார். 1963இல் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். 1986இல் மறையும் வரை, 32 ஆண்டுகள் நாற்காலியில் வாழ்ந்தவர்.

இவ்வளவையும் எண்ணியபடி தாம்பரம் பக்கத்து அஸ்தினாபுரத்துத் தெருக்களில் நடக்கும்போது என் கண் வீட்டு வாசல்களில் நிற்கிறது. 2015 திசம்பர் வெள்ளத்துக்குப் பின் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் தரைமட்டத்தை மூன்றடி உயர்த்திக் கட்டுவது வழக்கமாயிற்று. வெள்ளத்துக்கு அது நல்ல காப்பு. ஆனால் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீள வேண்டும். மூன்றடிக்கு 36 அடி! அரை கிரவுண்டு மனையின் முகப்பு 20 அடியே இருக்கும். சாய்தளம் பக்கவாட்டுச் சந்தில் ஓடித் திரும்பித்தான் வாசலை அடைய முடியும். செங்குத்தாகப் போட்ட சரிவில் நாற்காலியைத் தாமே உந்துவோர்க்குத் தோள் மூட்டு தேய்கிறது. கால்களின் வேலையையும் பல பத்தாண்டுகளாகச் செய்து வந்த தோள் அது.

அதற்கும் அப்பால் இருப்பது குளியலறைக் கதவு. நான்கு மணிக்கொரு முறை போக வேண்டிய இடம். இரண்டரை அடிக் கதவில் சட்டமும் பலகையும் போக, நாற்காலி நுழைய விரல் அகலமும் மிஞ்சுவதில்லை. மூன்றடி வேண்டும். கதவு வெளிப்புறமாகத் திறக்கவும் வேண்டும். உட்புறம் திறந்தால், உள்ளே போன நாற்காலியின் சக்கரத்தில் இடித்து மூடாமலே நிற்கும்.