ஆமணக்கு வைத்தால் மட்டும் போதுமா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மாசிப் பட்டத்தில் இறவைப் பருத்தி போடுகிறவர்களிடம் கேட்டால், "வரப்புல ஆமணக்கு வச்சா புழு வராது" என்பார்கள். உண்மையில் நடப்பது நேர் எதிர். புழு வரும், ஆமணக்கைத் தேடித்தான் வரும். வந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

வங்கியில் பயிர்க்கடன் கொடுத்த காலத்தில், பருத்திச் செலவுக் கணக்கில் பூச்சிமருந்துக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கும். விளைச்சல் ஏறினாலும் இறங்கினாலும் அந்த வரி மட்டும் குறையாது. இயற்கை வழிக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. நமக்கு பி.டி. விதை கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்.வி.பி.ஆர். ரகங்களைப் போலச் சாதாரண ரகம் போட்டால் காய்ப்புழுவை எப்படிச் சமாளிப்பது? இதற்கான பதிலில் ஒரு பகுதிதான் பொறிப்பயிர்.

பொறி எப்படி வேலை செய்கிறது?

புரோடீனியா தாய் அந்துப்பூச்சிக்குப் பருத்தி இலையைவிட அகலமான ஆமணக்கு இலை பிடிக்கும். இலையின் அடிப்பக்கம் சில நூறு முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, பழுப்பு நிற ரோமத்தால் மூடி வைக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். குஞ்சுப் புழுக்கள் முதல் சில நாள் கூட்டமாகவே இருந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். அப்போது இலை சல்லடை மாதிரித் தெரியும். பெரிதானதும் கலைந்து பக்கத்துப் பருத்திக்கு நடந்துவிடும். பகலில் கரிசல் வெடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். அதன் பிறகு தேடிப் பிடிப்பது வெகு சிரமம்.

ஆகவே நமக்குக் கிடைக்கிற அவகாசம் ஒரு வாரம்தான். வாரம் இரண்டு முறை ஆமணக்கு இலைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முட்டைக் குவியலோ சல்லடை இலையோ தெரிந்தால், இலையோடு கிள்ளி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். ஒரு இலையைக் கிள்ளினால் சில நூறு புழு ஒழிந்தது. பார்க்காமல் விட்டால், பொறி என்று வைத்த செடி புழுப் பண்ணையாகிவிடும். அதற்கு வைக்காமலே இருந்திருக்கலாம்.

கென்யாவில் மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானுக்கு 'விரட்டு–இழு' என்றொரு முறை உண்டு. வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற தீவனச் செடி பூச்சியை விரட்டும். ஓரத்தில் உள்ள நேப்பியர் புல் அதை இழுக்கும். அந்தப் புல்லில் பொரிகிற புழுக்களில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. அதாவது, அங்கே பொறியே கொன்றுவிடுகிறது. ஆமணக்குக்கு அந்தச் சக்தி கிடையாது. அது கூட்டி வைக்கும். அப்புறப்படுத்த வேண்டியது நம் கைதான்.

விரட்டுவதற்கு நம்மிடம் வேப்பங்கொட்டைக் கரைசல் இருக்கிறது. அதைப் பருத்தியில் மட்டும் தெளியுங்கள். ஆமணக்கில் தெளிக்க வேண்டாம். பொறியிலும் வேப்ப வாடை இருந்தால் தாய்ப்பூச்சி அங்கே எப்படி வரும்?

எந்தப் புழுவுக்கு எந்தச் செடி?

ஆமணக்கு: புரோடீனியாவுக்கு. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும், பருத்திக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னதாக ஊன்றுவது நல்லது. விதை ஆடு மாட்டுக்கு நஞ்சு. காய் முற்றுமுன் கவனம்.

வெண்டை: புள்ளிக் காய்ப்புழுவுக்கு. துளை விழுந்த காயையும் வாடிய நுனியையும் அவ்வப்போது பறித்து அழிக்க வேண்டும். தத்துப்பூச்சியும் இதில் சேரும், அதையும் கவனியுங்கள்.

செண்டுமல்லி, அதாவது நம்ம கேந்தி: பச்சைக் காய்ப்புழுவுக்கு. இது மொட்டிலும் பூவிலும் முட்டையை ஒவ்வொன்றாக இடும். பூப் பறிக்கும்போதே முட்டையும் புழுவும் வெளியேறும்.

தட்டைப்பயறு: இதில் வரும் கருப்பு அசுவினி பெரும்பாலும் பயறு இனங்களோடு நின்றுவிடும். அதைத் தின்ன வரும் பொறிவண்டு பருத்திக்கும் காவலாகும். இங்கே மட்டும் பூச்சியை அழிக்காமல் விட வேண்டும்.

காலம் தப்பினால் பலன் இல்லை

தக்காளி போடுகிறவர்களுக்கு பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன முறை இது: 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. நடும்போது தக்காளி நாற்றுக்கு வயது 25 நாள், செண்டுமல்லி நாற்றுக்கு 45 நாள். ஏன் இந்த வித்தியாசம்? இரண்டும் ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். தக்காளி பூத்து முடித்த பிறகு செண்டுமல்லி பூத்தால் பூ விற்ற காசு மட்டும்தான் மிச்சம்.

எதற்கு உதவாது?

இளஞ்சிவப்பு காய்ப்புழுவுக்கும் மாவுப்பூச்சிக்கும் இந்தச் செடிகளை நம்பி இருக்க முடியாது. இளஞ்சிவப்பு புழுவுக்கு ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும், கடைசி எடுப்பு முடிந்ததும் மாரை விட்டு வைக்காமல் அப்புறப்படுத்துவதும்தான் வழி. "அடுத்த மழைக்கு இன்னும் நாலு காய் வெடிக்கும்" என்று விட்டு வைத்தால், அடுத்த பட்டத்துக்கான புழுவை நாமே சேமித்து வைக்கிறோம் என்று அர்த்தம்.

ஆமணக்கு விதைக்குப் பெரிய செலவு இல்லை. உண்மையான முதலீடு நம் நேரம்தான். என் தோட்டத்தில் செவ்வாயும் சனியும் காலையில் வரப்பைச் சுற்றுவது என்று வைத்திருக்கிறேன். வாரத்தில் அந்த இரண்டு காலையை ஒதுக்க முடியும் என்றால் ஆமணக்கு ஊன்றுங்கள்.