வாய் பிளந்த ஏலக்காய்... உதிர்ந்த மலைவாழை... ஐப்பசிக் குளிருக்கு ஒரு சூடான பலகாரம்!

ஐப்பசி பிறந்துவிட்டால், போடிமெட்டு, குரங்கணி மலைச்சரிவுகளில் மூடுபனியும் மழையும் மாறிமாறி வரும். ஏலக்காய்ப் பறிப்பும் அப்போது மும்முரமாக இருக்கும். பறித்த காயை ஸ்டோரில் உலர்த்தி, சல்லடையில் சலித்துத் தரம் பிரித்து, போடிநாயக்கனூர் ஏல மையத்துக்கு அனுப்புகிறார்கள். 8 மி.மீ.க்கு மேலான பருமனான, பச்சை நிறம் மாறாத காய்க்கு நல்ல விலை கிடைக்கும். முற்றிப் பழுத்த பிறகு பறித்த காய், உலரும்போது வாய் பிளந்துவிடும். அதற்கு விலை குறைவு.

மலைவாழையிலும் இதே கதைதான். சீப்பிலிருந்து உதிர்ந்த பழத்தையும், வண்டியில் அடிபட்ட பழத்தையும் வியாபாரி ஒதுக்கிவிடுவார். கடைசியில் அது ஆட்டுக்குத்தான் போகும். சந்தை ஒதுக்கும் இந்த இரண்டையும் சேர்த்தால், வீட்டுக்கு அருமையான பலகாரம் கிடைக்கும். அதற்குப் பெயர், ‘கிரம்பிள்’.

சிக்கனத்தில் பரவிய பலகாரம்

அடியில் பழம், மேலே பொலபொலவென்று உதிரும் மாவு. இவ்வளவுதான் கிரம்பிள். பிரிட்டனில் 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு வந்தது. பழத்தை முழுக்க மாவால் மூடிச் சுடும் ‘பை’ செய்ய நிறைய கொழுப்பு வேண்டும். மேலே மட்டும் மாவைத் தூவினால் கொஞ்சம் போதும். அந்தப் பஞ்ச காலத்தில்தான் இது வீடுவீடாகப் பரவியது. இலையுதிர் காலத்தில் மரத்தடியில் விழுந்து அடிபட்ட ஆப்பிள்கூட அவர்களுக்கு வீணாகவில்லை.

நமக்கு ஆப்பிள் தேவையில்லை. மலைவாழையில் நீர்ச்சத்து குறைவு. பழனி பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி வாழையைத் தேடுவதற்கும் அதுவே காரணம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்ப்பதில்லை. நீர் விடாத பழம் என்பதால், மேலே தூவும் மாவும் நனைந்து குழையாது.

தேவையானவை (6 பேருக்கு)

மலைவாழைப்பழம் 8 முதல் 10, எலுமிச்சை அரை மூடி, ஏலக்காய் 6, கோதுமை மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், உறைந்த நெய் 90 கிராம், நாட்டுச் சர்க்கரை 100 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. கொடைக்கானல் பேரிக்காய் கிடைத்தால், ஒன்றை மெல்லியதாக நறுக்கிச் சேர்க்கலாம்.

செய்முறை

இரண்டு மாவையும் சிறுதீயில் வாசம் வரும்வரை வறுத்து, நன்றாக ஆறவிட வேண்டும். உப்பையும் உறைந்த நெய்யையும் போட்டு, விரல் நுனியால் புட்டு மாவுபோல உதிர்க்க வேண்டும். தண்ணீர் கூடாது, பிசையவும் கூடாது. பிசைந்தால் கோதுமையின் பசை இழுத்துக்கொண்டு கெட்டியாகிவிடும். கேழ்வரகில் அந்தப் பசை இல்லாததால், உதிரித்தன்மை கூடும். நெய் உருகியிருந்தால் மாவு களியாகிவிடும். குளிர்காலம் இந்தப் பலகாரத்துக்குத் தோதாக இருப்பது இதனால்தான். கடைசியில் 80 கிராம் சர்க்கரையைக் கலக்க வேண்டும்.

பழத்தில் அடிபட்ட இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, வட்டமாக நறுக்க வேண்டும். புளித்த வாடை வந்த பழம் உரக்குழிக்குத்தான். எலுமிச்சைச் சாறு, மீதிச் சர்க்கரை, அப்போதே இடித்த ஏலரிசி ஆகியவற்றைப் பழத்துடன் கலந்து தட்டில் பரப்பி, மேலே மாவை அழுத்தாமல் தூவ வேண்டும். வாய் பிளந்த காயில் வாசனை எண்ணெய் சீக்கிரம் பறந்துவிடும். அதனால், இருப்பு வைக்காமல் முதலில் அதைச் செலவழிப்பது நல்லது. தோலைத் தேநீரில் போடலாம்.

ஓவன் இல்லையா?

அடிகனமான பாத்திரத்தில் ஓர் அங்குலம் மணலோ உப்போ பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கியை வைத்து, மூடி 10 நிமிடம் சூடாக்க வேண்டும். பிறகு தட்டை வைத்து, மிதமான தீயில் 30 நிமிடம் வேகவிட வேண்டும். ஓரத்தில் பழச்சாறு கொப்பளித்தால் பதம். கடைசி 5 நிமிடம் மூடியைத் திறந்து ஆவியை வெளியேற்ற வேண்டும். விறகடுப்பு உள்ள வீடுகளில், மூடியின் மேல் தணலைப் பரப்பினால் மேல்மாவு பொன்னிறமாகும். ஓவனில் வைப்பதாக இருந்தால் 180 டிகிரியில் 30 நிமிடம்.

சூட்டோடு சாப்பிட்டால்தான் ருசி. விற்க நினைப்பவர்கள், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு அன்றன்றைக்குச் செய்து விற்பதே நல்லது. வேகவைத்த பழம் மறுநாளைக்குத் தாங்காது. ஆனால், விலை போகாத ஒரு கைப்பிடி ஏலக்காயும் ஒரு சீப்பு உதிரிப்பழமும் தோட்டத்திலேயே வீணாகாமல், வீட்டுப் பிள்ளைகளின் தட்டுக்கு வந்து சேரும்.