பாட்டி பெட்டியில் வெள்ளி ரூபாய் இருக்கா? புளி போட்டு தேய்ச்சிடாதீங்க!

பாட்டி காலமான பிறகு அவரது டிரங்கு பெட்டியை திறந்தால், பட்டுச்சேலைக்கு அடியில் சுருக்குப்பையில் நாலைந்து வெள்ளி ரூபாய் கிடக்கும். எல்லாம் கருத்துப் போயிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் முதலில் செய்யும் காரியம் என்ன தெரியுமா? புளியும் விபூதியும் போட்டு பளபளவென்று தேய்ப்பதுதான்.

அங்கேயே விலை போச்சு!

வெள்ளிக் குத்துவிளக்கு பளபளத்தால் அழகு. பழைய நாணயம் பளபளத்தால் சந்தேகம். தேய்த்த காசில் மயிரிழை போல ஆயிரம் கீறல் விழும். லென்ஸ் வைத்துப் பார்க்கிற சேகரிப்பாளர் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்து விடுவார். வருஷக்கணக்கில் தானாகப் படிந்த கருமைதான் அந்தக் காசு கை படாதது என்பதற்கு சாட்சி. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு, துணியால் ஒற்றி எடுத்தால் போதும். துணியால் தேய்க்கக்கூட கூடாது.

புலி போட்டது வெள்ளி இல்லை

இண்டர்நெட்டில் விற்கப் போகும் முன் காசில் வெள்ளி எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் காலத்து ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம். அதாவது சரியாக ஒரு தோலா. அந்தக் காலத்தில் ஆசாரிகள் தராசில் எடைக்கல்லுக்கு பதில் ரூபாயையே வைத்தது இதனால்தான்.

விக்டோரியா ராணி, கிரீடம் இல்லாத வழுக்கைத் தலை எட்வர்டு, கிரீடம் வைத்த 5-ம் ஜார்ஜ், இவர்கள் தலை போட்ட ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி. கணக்குப் போட்டால் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம் வரும். 6-ம் ஜார்ஜ் தலை என்றால் வருஷத்தைப் பார்க்க வேண்டும். 1939 வரை அதே தரம். உலகப்போர் நடந்த 1940 முதல் 1945 வரை அடித்ததில் பாதிதான் வெள்ளி. 1947-ல் வந்த புலி படம் போட்ட ரூபாயில் வெள்ளியே கிடையாது, அத்தனையும் நிக்கல். காந்தம் வைத்தால் லபக்கென்று ஒட்டிக்கொள்ளும். அதை வெள்ளி என்று சொல்லி தலையில் கட்டுகிறவர்களும் உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகும் வெள்ளிக்காசு வந்திருக்கிறது. காந்தி நூற்றாண்டுக்காக வந்த 10 ரூபாய் நாணயம் 15 கிராம் எடை, 80 சதவீதம் வெள்ளி.

இந்த கிராமை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் வருவதுதான் அடிமட்ட விலை. அதற்கு மேல் எவ்வளவு என்பதை காசின் தரமும் அபூர்வமும்தான் முடிவு செய்யும்.

பழசு என்றால் லட்சமா?

இல்லை. 1862 என்று போட்ட விக்டோரியா ரூபாய் ஊரெல்லாம் கிடைக்கிறது. காரணம், அதே வருஷத்தை போட்டு 1874 வரை அடித்துத் தள்ளினார்கள். ஆனால் அதைவிட 77 வருஷம் இளைய 1939 ரூபாய் அபூர்வம். சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். அதனாலேயே 1938 காசில் 8-ஐ சுரண்டி 9 ஆக்கி விற்கிற கில்லாடிகள் இருக்கிறார்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்ப்பது நல்லது.

1911 ரூபாய்க்கு தனிக்கதை. 5-ம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை, பார்ப்பதற்கு பன்றி மாதிரி இருந்ததால் எதிர்ப்பு கிளம்பியது. காசை திரும்பப் பெற்று, அடுத்த வருஷமே யானையை திருத்தி விட்டார்கள். இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் அதை 'பன்றி ரூபாய்' என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

ராமர் பட்டாபிஷேகம், அனுமார் படம் போட்டு 1818 கிழக்கிந்திய கம்பெனி என்று சுற்றி வரும் காசுகளை கம்பெனி அடிக்கவே இல்லை. அவை கோவில் டோக்கன் ரகம்.

எப்படி மார்க் போடுகிறார்கள்?

உலகம் முழுக்க 1 முதல் 70 வரை மார்க் போடுகிறார்கள். 1949-ல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் கொண்டு வந்த முறை இது. 60-க்கு மேல் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. இதை வியாபாரிகள் 'யு.என்.சி.' என்பார்கள். அதற்குக் கீழே 'எக்ஸ்.எப்.', 'வி.எப்.', 'பைன்' என்று இறங்கும்.

வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். காசில் மேடாக இருக்கிற இடம்தான் முதலில் தேயும். விக்டோரியாவுக்கு காது மேலே உள்ள முடி, கன்னம், உடையின் பூவேலை. ஜார்ஜுக்கு புருவம், காது, கிரீடத்தின் கற்கள். அங்கே கோடு கோடாகத் தெரிந்தால் நல்ல தரம். வழவழவென்று இருந்தால் கை மாறி கை மாறி தேய்ந்த காசு.

காசு மாலை கோர்க்க ஓட்டை போட்டதா, கொக்கி பற்ற வைத்ததா? பெரும்பாலும் வெள்ளி விலைதான்.

அமெரிக்காவின் என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். கம்பெனிகள் காசை சோதித்து, மார்க் போட்டு, நம்பருடன் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. தேய்த்துக் கழுவிய காசுக்கு மார்க் கிடையாது, 'கழுவியது' என்று எழுதி விடுவார்கள். சாதாரண காசுக்கு இந்தச் செலவு வீண். பெட்டியிலும் போலி வருவதால், வாங்குகிறவர்கள் அந்த நம்பரை கம்பெனி வெப்சைட்டில் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று, 100 வருஷம் தாண்டிய நாணயம் 1972-ம் ஆண்டு சட்டப்படி தொல்பொருள். உள்நாட்டில் வைத்திருக்கலாம். வெளிநாட்டுக்காரன் நல்ல விலை சொல்கிறான் என்று தபாலில் அனுப்பினால் கேஸ் ஆகிவிடும்.

முன்பணம் கேட்டால் மோசடி

ஆன்லைனில் போடும்போது பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், தலை, பூ, விளிம்பு மூன்றையும் படம் எடுக்க வேண்டும். எடை மெஷினில் வைத்தும் ஒரு படம். கீறல், ஓட்டை இருந்தால் மறைக்காமல் எழுதினால் பிறகு வம்பு வராது. பணம் கணக்கில் ஏறியதை பேங்க் மெசேஜில் பார்த்த பிறகுதான் பார்சல். வாங்குபவர் அனுப்பும் ஸ்கிரீன் ஷாட்டை நம்பக்கூடாது.

"உங்க காசு 10 லட்சம் போகும், பதிவு கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று போன் வந்தால் அது மோசடிதான். பதிவு கட்டணத்தோடு நிற்காது. அடுத்து ஜி.எஸ்.டி., அடுத்து கமிஷன் என்று உறிஞ்சுவார்கள். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட சான்றிதழ்கூட வாட்ஸ்அப்பில் வரும். ஆனால் பழைய நாணயம், நோட்டு வாங்கி விற்கும் வேலையை தான் செய்யவில்லை, யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்து விட்டது. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையில்லை. பின் நம்பர் போடச் சொன்னால் பணம் போகப் போகிறது என்று அர்த்தம்.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் விடுவதுதான் மோசடிக்காரர்களுக்கு வசதி. தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு போன் செய்தால், பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு உண்டு.

அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் கதையே வேறு. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு தகவல் சொல்ல வேண்டும்.