ஆம்பியும் ஆசனமும்

மழைக்காலத்து விடியலிலே தென்னந்தோப்பு வழியே முன்னேஸ்வரம் கோயிலுக்குச் செல்வோர், உக்கிப்போன தெங்கங்குற்றியின்மீது வெண்குடை விரித்து நிற்கும் காளானைக் கண்டிருப்பர்; கண்டும் காணாதவராய்க் கடந்தும் இருப்பர். காலையில் தோன்றி மாலையில் மறையும் அப்பொருளை நிலையாமைக்கு உவமை கூறுவதன்றி வேறு மதிப்பு நாம் அதற்கு அளித்ததில்லை. அத்தகைய காளானைக் கொண்டு இருக்கையும் சுவர்க்கட்டியும் செய்கின்றனர் என்றால் கேட்போர் நகைப்பர். யானும் முதலில் நகைத்தவனே. பின்னர் படித்தறிந்தவற்றையும், மாணவரோடு கூடிச் செய்து பார்த்துக் கற்றவற்றையும் நம் விழா மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழர் காளானை ஆம்பி என்றும் வழங்கினர். பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடிய புறநானூற்றுச் செய்யுள் ஒன்றில், சமைத்தலையே மறந்துவிட்ட அடுப்பில் ஆம்பி பூத்திருக்கும் காட்சி வருகின்றது. சிறுபாணாற்றுப்படையிலும் பாணனது வறிய அடுக்களையைக் காட்டக் காளானே வருகின்றது. அடுப்பிலே காளான் என்றால் வீட்டிலே வறுமை என்பது அக்காலத்தார் கண்ட குறிப்பு. புலவர் நோக்குப் பொய்யன்று. மனிதன் பயன்படுத்தாது கைவிட்ட இடத்திலும் பொருளிலுமே காளான் குடியேறும். அந்த இயல்பையே இன்றைய தொழில் வல்லார் தமக்குத் துணையாகக் கொண்டுள்ளனர்.

நாம் காளான் என்று காண்பது அவ்வுயிரின் முழு உடலன்று. மாமரத்திற்கு மாங்கனி எத்தகையதோ, காளானுக்குக் குடை அத்தகையது. மெய்யான உடல் மண்ணுள்ளும் மரத்துள்ளும் மறைந்திருக்கின்றது. தலைமயிரினும் நுண்ணிய வெள்ளிழைகள் எண்ணிறந்தனவாய்க் கிளைத்துப் பின்னி வலைபோற் பரவுகின்றன. ஓரிழையைப் பூசண இழை என்றும், அவ்விழைகளின் தொகுதியைப் பூசணவலை என்றும் கூறலாம். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிற்கு வன்மை தரும் கைற்றின் என்னும் பொருளே இவ்விழைகளின் சுவருக்கும் வன்மை தருகின்றது. இழைகள் தாம் படர்ந்த மரத்தூளையோ வைக்கோலையோ சிறிது சிறிதாகக் கரைத்து உண்கின்றன. உண்ணும்போதே துணுக்குகளைச் சுற்றிப் பிடித்து ஒன்றோடொன்று இறுகக் கட்டியும் விடுகின்றன. பசையின்றி உமியும் தூளும் ஒரே கட்டியாவது இவ்வாறே.

இதனை மனிதர்க்கு முன்னரே கையாண்டன கறையான்கள். நம் தோப்புகளில் எழும் புற்றுக்களைக் கட்டும் கறையான்களிற் பல, மென்ற மரத்துகளைக் கொண்டு புற்றினுள்ளே தேன்கூடு போன்ற அறைகள் அமைத்து, அவற்றிற் பூசணத்தைப் பயிரிட்டு உண்கின்றன. மாரியில் புற்றைப் பிளந்துகொண்டு வெளிவரும் புற்றுக்காளான் அத்தோட்டத்தின் விளைவேயாகும். நாம் பாலூற்றி வணங்கும் புற்று, உள்ளே ஒரு காளான் தோட்டம்!

இனி, மனிதர் செய்யும் முறையைக் காண்போம். மரத்தூள், வைக்கோல், சோளத்தட்டை போன்ற பயிர்க்கழிவைச் சிறிதாக நறுக்கி நீரில் நனைத்து ஆவியில் அவிப்பர். அதிலுள்ள வேறு பூஞ்சணங்களின் வித்துக்கள் அழியவேண்டும் என்பதே அவித்தலின் கருத்து. ஆறியபின், தானியத்தில் வளர்த்த காளான் வித்தைத் தூய கையாற் கலந்து, வேண்டிய வடிவத்து அச்சில் அமுக்கி, ஒளிபடாத இடத்தில் மூடி வைப்பர். ஐந்து முதல் பத்து நாளில் அச்சு முழுதும் வெண்மை படர்ந்து உள்ளிருப்பது ஓருடலாகின்றது. அச்சினின்றும் எடுத்து, வெயிலில் உலர்த்தியோ அடுப்பிற் சுட்டோ இழையின் உயிரைப் போக்குவர். அதன்பின் அது வளராது, குடையும் விரியாது. ஆசாரி மரத்தைக் கடைந்து வடிவம் தருகிறார். இங்கோ வடிவம் முதலிலே இருக்க, பொருள் அதனுள்ளே வளர்ந்து நிரம்புகின்றது.

இத்தொழிலின் அண்மைக்கால வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் எபன் பேயர், கவின் மக்கின்ரயர் என்னும் பொறியியல் மாணவர் இருவர் 2007 இல் எக்கோவேற்றிவ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். பெட்டியுள் பொருள் உடையாதிருக்க வைக்கும் றெஜிபோமுக்குப் பதிலாகக் காளான் கட்டியை அவர்கள் ஆக்கினர். 2014 இல் டேவிட் பெஞ்சமின் என்னும் கட்டடக் கலைஞர், சோளத்தட்டையும் பூசண இழையும் சேர்ந்த ஏறத்தாழ 10,000 கட்டிகளால் நியூயோர்க் நகரில் 40 அடி உயரமான கோபுரம் ஒன்றை எழுப்பினார். ஒரு வேனிற்காலம் நின்றபின் அது பிரிக்கப்பட்டு எருவாக்கப்பட்டது. 2017 இல் இலண்டனில் செபஸ்ரியன் கொக்ஸ், நினெலா இவனோவா ஆகிய இருவர் மரச்சட்டத்தின்மேல் பூசணத்தை வளர்த்து முக்காலிகளும் விளக்குக் கூடுகளும் செய்து காட்டினர். ஆபிரிக்காவின் நமீபியாவிலோ, மேய்ச்சல் நிலத்தை மூடிவரும் புதர்களை வெட்டித் தூளாக்கி, முதலில் உண்ணுங் காளானை அறுவடை செய்து, எஞ்சியதை அழுத்திச் சுவர்க்கட்டி ஆக்குகின்றனர். உணவும் மனையும் ஒரே தூளினின்று வருதல் நினைக்கத்தக்கது.

நமக்கு மிக அண்மையான எடுத்துக்காட்டு கொச்சியிலுள்ளது. அந்நகரின் கலைவிழாக் காலத்தில், 2016-2017 இல், பீட்டில்ஸ் 3.3 என்னும் கேரளக் கட்டடக் கலைக்குழுவும் யாசீன் அரேடியா என்னும் வடிவமைப்புக் குழுவும் சேர்ந்து மரச்சட்டத்தாற் சிறு மண்டபம் ஒன்றை அமைத்தன. சட்டத்தின் கட்டங்களில் அவர்கள் நிரப்பியது வேறொன்றுமன்று. நம் ஊரில் மலைபோற் குவியும் தும்புச்சோறுதான். அதிலே பூசணம் படர்ந்து வெண்பனி போல் மூடிற்று. மேலடுக்கு வெயிலிற் காய்ந்து இறந்து ஓடாகி, கீழடுக்கைக் காத்தது. பொருட்காட்சிக்காக எழுப்பிக் கலைக்கும் கட்டடங்கள் மண்ணோடு மண்ணாகவே மறைய வேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்காட்ட விரும்பிய கருத்து.

அதே கேரளத்தில், ஆலப்புழை மாவட்டத்துக் கலவூரிலுள்ள இந்தியக் கயிறு வாரிய ஆய்வு நிலையம், சிப்பிக்காளான் இனமொன்றின் வித்தைத் தும்புச்சோற்றிற் கலந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் அதனை உக்கவைத்து எருவாக்கும் முறையைப் பரப்பியுள்ளது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கும்போதுதான் இப்பொருளின் உட்கருத்து விளங்குகின்றது. கட்டுவதும் உக்கவைப்பதும் ஒரே இழைதான். பத்து நாளில் நிறுத்தினாற் கட்டி. மாதம் முழுதும் விட்டால் எரு. காளானின் வேலை அழித்தல். அவ்வழிவின் பாதிவழியிலே, பிணைப்பு முற்றியும் உண்டல் முற்றாமலும் இருக்கும் வேளையறிந்து நிறுத்துவதே மனிதன் செய்யுந் தொழில். வித்தை வளர்த்தலில் இல்லை, நிறுத்துதலில் உள்ளது.

இவ்வுண்மையை யான் நூலிற் கற்றதைவிடத் தோல்வியிற் கற்றதே மிகுதி. முன்னர் யான் கற்பித்த பாடசாலை ஒன்றில், உயர்வகுப்பு மாணவர் சிலரோடு தும்புச்சோறும் தவிடும் கலந்து, பழைய வாளி ஒன்றை அச்சாக வைத்து ஒரு முக்காலிப் பலகை வளர்க்க முயன்றேன். முதல் முறை விறகுச் செலவுக்கு அஞ்சி அரைகுறையாக அவித்தோம். நான்காம் நாள் மூடியைத் திறந்தபோது வெண்மைக்குப் பதிலாகப் பச்சைப் பூஞ்சணமும் புளித்த நாற்றமுமே எதிர்கொண்டன. இரண்டாம் முறை தும்புச்சோற்றை மூன்று நீரிற் கழுவி, முழுமையாக அவித்தோம். பன்னிரண்டாம் நாள் பால்போல் வெளுத்த வட்டப் பலகை ஒன்று வாளியினின்று வழுவி வந்தது. மாணவர் ஆரவாரித்தனர். இரண்டு நாள் வெயிலில் வைத்து, காய்ந்துவிட்டது என்றெண்ணி விறாந்தையிலே பரிசுப்பொருள்போல் வைத்தோம். ஐப்பசி மழை தொடங்கிற்று. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், பலகையின் விளிம்பெங்கும் சாம்பல்நிறக் குடைகள்! உள்ளே இழை இறக்கவில்லை. ஈரம் கண்டதும் தன் வேலையைத் தொடர்ந்துவிட்டது. ஒரு மாணவன் குடைகளைக் கொய்து, “ஐயா, இருக்கை போனாலும் கறி கிடைத்தது” என்றான். யாவரும் நகைத்தோம். ஆயினும் மேலே சொன்ன நிறுத்துதலின் அருமை அன்றே எனக்குப் புலப்பட்டது. அடுப்புச் சூட்டிற் பல மணிநேரம் வைத்து உட்புறம் வரை காயச் செய்யாத கட்டி கட்டியன்று. காலம் பார்த்திருக்கும் காளான்.

இதன் குறைகளையும் மறையாது கூறுதல் ஆசிரியன் கடமை. தொல்காப்பியர் மரபியலிலே, புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் பகுத்தார். அவ்வன்மைக்குக் காழ் என்று பெயர். தெங்கும் பனையும் புறக்காழ் உடையன. தேக்கும் பாலையும் அகக்காழ் உடையன. காளானுக்கோ எவ்விடத்தும் காழ் இல்லை. ஆதலின் அது கட்டும் கட்டிக்கும் பாரந்தாங்கும் ஆற்றல் குறைவு. சுட்ட செங்கல் சதுர அங்குலத்திற்குப் பல நூறு இறாத்தல் தாங்குமெனின், அழுத்தாத காளான் கட்டி சில பத்து இறாத்தலே தாங்கும். நீரை உறிஞ்சும், நனைந்து கிடந்தால் மீண்டும் பிற பூஞ்சணங்களுக்கு இரையாகும். எனவே இதனைத் தூணாகவும் உத்தரமாகவும் நினைப்பது பேதைமை. ஆனால் இலேசானது, வெப்பத்தையும் ஒலியையும் எளிதிற் கடத்தாது. தகரக்கூரையின் கீழ் வேயும் தட்டி, அறைகளைப் பிரிக்கும் பலகை, மரச்சட்டத்தில் அமர்த்தும் இருக்கைத்தட்டு, ஓடும் கண்ணாடியும் உடையாது அனுப்பும் பெட்டியின் உட்பொதி ஆகியவற்றிற்கு ஏற்றது. வலிமை சட்டத்தினுடையதாகவும், நிரப்பு காளானுடையதாகவும் இருத்தல் முறை.

நம் புத்தளம் மாவட்டம், குருநாகல், கம்பகா மாவட்டங்களோடு சேர்ந்து தென்னை முக்கோணம் எனப்படுவது. 1929 இல் தோன்றிய தென்னை ஆராய்ச்சி நிலையமும் இம்மாவட்டத்து லுணுவிலவிலேயே உள்ளது. பொச்சுமட்டையினின்று தும்பை எடுத்தபின் எஞ்சும் தும்புச்சோற்றிற் பெரும்பங்கு இன்று கட்டியாக அழுத்தப்பட்டு, பிறநாட்டுத் தோட்டங்களுக்குக் கப்பலேறுகின்றது. எனினும் மழையில் ஊறி ஓடையைக் கறுப்பாக்கும் குவியல்களையும் நாம் காண்கிறோம். ஆலைகளில் மரத்தூள் உண்டு. வயல்களில் வைக்கோல் உண்டு. சிப்பிக்காளானைப் பொலித்தீன் பைகளில் வளர்க்கும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் இரண்டு மூன்று முறை காளான் பறித்தபின் வீசியெறியும் பையினுள்ளே இருப்பது, பாதி கட்டப்பட்ட கட்டியேயாகும். றெஜிபோம் உணவுப்பெட்டிகளை 2017 செப்டெம்பர் முதலாந் திகதி நம் நாடு தடைசெய்தது. தடை ஒன்று வந்தால் அவ்விடத்தை நிரப்ப வேறொன்று வேண்டும். அதனைக் கப்பலில் வருவிப்பதா, நம் தோப்பிலே வளர்ப்பதா என்பதே இன்றைய இளைஞர் முன்னுள்ள வினா.

பழைய மாணவ அன்பர்களே! உங்களிற் சிலர் தும்பாலை நடத்துகின்றீர்கள். சிலர் கடல்கடந்து பொறியியலாளராய் விளங்குகின்றீர்கள். கல்லூரிக்குப் பெரிய கட்டடம் தருவோர் தருக. யான் கேட்பது சிறிது: ஆவியில் அவிக்க ஒரு பெரிய அண்டா, காயவைக்க ஒரு நல்ல அடுப்பு, தூசி புகாத ஓர் அறை. அங்கே மாணவர் பிழைசெய்து, பிழையை ஏட்டிற் குறித்து, மீண்டும் செய்து பழகட்டும். முதற்பலகை முளைத்துவிடலாம், இரண்டாவது பச்சையாகலாம். அஞ்சவேண்டா.

அன்று சாத்தனார் கண்ட ஆம்பி, வெறும் அடுப்பிலே வறுமையின் குறியாய்ப் பூத்தது. இனி அது நம் மாணவர் கைத்திறனால் உழைப்பின் குறியாய்ப் பூக்குமாயின், காழில்லாத அச்சிற்றுயிர் நம் ஊருக்கு ஒரு காழ் ஆகும். வடிவாம்பிகை சமேத முன்னைநாதப் பெருமான் திருவருளால் நம் கல்லூரி நீடு வாழ்க!